யார் இந்த பீட்டர் தங்கராஜ்? ஃபார்வர்டாக ஆரம்பித்து ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் ஆனவரின் கதை

2024 ஏப்ரலில் வெளியான 'மைதான்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாக ஞாபகம் இருக்கலாம். அஜய் தேவ்கன் நடித்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த அந்தப் படம், இந்திய கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கிய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமைப் பற்றியது. படத்தில் உயரமாக ஒரு கோல்கீப்பர் வருவார். பெயர் பீட்டர் தங்கராஜ். தியேட்டரில் பலர் பக்கத்து சீட்டில் திரும்பி, நம்ம ஊர் பேரா இருக்கே, யார் இவர் என்று கேட்டிருப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி என்றால் இன்றும் தெரிகிறது. அதே அணியின் கோல் வலைக்கு முன்னால் நின்றவரை, அதுவும் நீலகிரி மலையில் பயிற்சி பெற்று வந்தவரை, தமிழ்நாட்டிலேயே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

செகந்திராபாத்தில் தொடக்கம்

தங்கராஜ் பிறந்தது 1935 டிசம்பர் 24, அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில். ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத் ஒரு பெரிய கன்டோன்மென்ட் ஊர். ராணுவம், ரயில்வே என்று வேலை தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தன. 1962 அணியின் இன்னொரு நட்சத்திரமான துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான். அந்தத் தெருக்களில் கிரிக்கெட்டைவிட ஃபுட்பாலுக்குத்தான் கூட்டம் அதிகம்.

மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்களில்தான் தங்கராஜ் முதலில் ஆடினார். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். போய்ச் சேர்ந்த இடம் நீலகிரியில் குன்னூர் பக்கத்தில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். சுருக்கமாக எம்.ஆர்.சி.

வேலூர், அரக்கோணம் பக்கத்து ஆட்களுக்கு வெலிங்டனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பார். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ராத்திரியில் ஓடும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ஏறி ட்ரெய்னிங்குக்குப் போன மகன்களும் பேரன்களும் இந்தப் பகுதியில் ஏராளம். தங்கராஜின் கால்பந்து வாழ்க்கை திரும்பியதும் அந்த மலையில்தான்.

கோல் அடிக்க வந்தவர்

தங்கராஜ் கோல்கீப்பராக ஆட்டத்தைத் தொடங்கவில்லை. அவர் ஒரு சென்டர் ஃபார்வர்டு. எதிரணி வலையில் பந்தைப் போடுவதுதான் அவர் வேலை. பின்னாளில்தான் அந்த இடத்தை விட்டுவிட்டு சொந்த வலைக்கு முன்னால் போய் நின்றார்.

கேட்பதற்கு சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் கால்பந்தில் இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. டிஃபெண்டர் மிட்ஃபீல்டுக்குப் போவார், விங்கர் உள்ளே வருவார். இதெல்லாம் கால் வேலைக்குள் நடக்கிற மாற்றம். ஃபார்வர்டு கோல்கீப்பர் ஆவது என்றால் கிட்டத்தட்ட வேறு ஒரு ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்வது. ஃபார்வர்டு பத்து சான்ஸில் ஒன்பதை வீணாக்கி ஒன்றை கோலாக்கினால் அன்று அவர் ஹீரோ. கீப்பர் பத்தில் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான் பேச்சு.

ஆனால் தங்கராஜிடம் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, ஆறடிக்கு மேல் உயரம். 1950களின் இந்திய அணிகளில் அது அபூர்வம். இன்னொன்று, அவர் ஏற்கெனவே ஃபார்வர்டாக இருந்தவர். எதிரில் ஓடி வரும் ஆள் எந்தக் காலில் அடிப்பான், எப்போது பாஸ் கொடுக்காமல் தானே அடிக்கப் பார்ப்பான் என்பதெல்லாம் அவர் தானே செய்து பார்த்த வேலை. திருடனாக இருந்தவரைக் காவலுக்கு வைத்த மாதிரி.

அந்தக் கால கீப்பர்களின் நிலைமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இப்போது போல பிடிமானம் உள்ள கிளவுஸ் கிடையாது. பெரும்பாலும் வெறுங்கை. பந்து தோல் பந்து. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்து கனத்துவிடும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் வேலை தெரிந்தவர்களுக்கு, நனைந்த தோல் என்ன கனம் கனக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பந்து வேகமாக வரும்போது வெறுங்கையில் பிடிக்க வேண்டும். போதாததற்கு, இன்று கீப்பரைத் தொட்டாலே விசில் அடிப்பார்கள், அன்று தோளோடு தோள் மோதி கீப்பரைத் தள்ளுவது பல நேரம் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கப்பட்டது.

டூரண்ட் கோப்பையில் மெட்ராஸ் படை

டூரண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. ஆரம்பத்தில் அது முழுக்க பிரிட்டிஷ் ராணுவத்தின் சொத்து. முதல் கோப்பையை வாங்கியதே ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஸ்காட்லாந்து படைப்பிரிவுதான். முதல் சில வருடங்களில் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆதிக்கம் பலமாக இருந்தது. ஒரு இந்திய அணி இந்தக் கோப்பையை ஜெயிக்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஜெயித்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோப்பை பெரிய கிளப்களின் கைக்குப் போனது. 1951, 1952 ஈஸ்ட் பெங்கால். 1953 மோகன் பகான். 1954 ரஹீமின் ஹைதராபாத் சிட்டி போலீஸ். இந்த வரிசையில் 1955-ல் நுழைந்த பெயர்தான் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். கொல்கத்தா கிளப்கள் மாதிரி ரசிகர் பட்டாளமோ பணமோ இல்லாத, ராணுவப் பயிற்சி மையத்தின் அணி. 1956-ல் மறுபடி ஈஸ்ட் பெங்கால், 1957-ல் மறுபடி ஹைதராபாத் போலீஸ், 1958-ல் மறுபடி எம்.ஆர்.சி. இந்த இரண்டு வெற்றிகளின் காலத்திலும் தங்கராஜ் அந்த அணியில் இருந்தார். நான்கு வருடத்தில் இரண்டு டூரண்ட் என்பது சாதாரண விஷயம் இல்லை.

1960-61 சீசனில் சந்தோஷ் டிராபி கோழிக்கோட்டில் நடந்தது. சர்வீசஸ் அணிக்கு தங்கராஜ்தான் கேப்டன். இறுதிப் போட்டியில் எதிரணி, கோப்பையைத் தன் வீட்டு அலமாரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்த பெங்கால். ஜெயித்தது சர்வீசஸ். அவர்களுக்கு அதுதான் முதல் சந்தோஷ் டிராபி. கோல்கீப்பரை கேப்டனாக்குவது அன்று பெரிய வழக்கமும் இல்லை. தமிழ்நாடு அணி இன்றுவரை அந்தக் கோப்பையை ஒருமுறைகூட வாங்கவில்லை என்பது வேறு சோகம்.

மெல்போர்ன், டோக்கியோ, ரோம்

1955-லேயே இந்திய அணியின் கதவு திறந்துவிட்டது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் தங்கராஜ் இடம்பெற்றபோது வயது 20. அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, அரையிறுதி வரை போய் இந்தியா நான்காம் இடம் பிடித்தது. நான்கு வருடத்துக்கு முன்பு, 1952 ஹெல்சிங்கியில் இதே இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடி வாங்கியிருந்தது. வெறுங்காலில் ஆடுவதை விட்டுவிட்டு பூட்ஸ் போட்டுக்கொள்ள இந்திய கால்பந்து முடிவெடுத்ததே அந்தத் தோல்விக்குப் பிறகுதான். ஆக, தங்கராஜ் உள்ளே வந்த நேரம் இந்திய கால்பந்து தன்னைத் தானே மாற்றிக்கொண்டிருந்த நேரம்.

அணியில் எஸ்.எஸ். நாராயண் என்ற இன்னொரு நல்ல கோல்கீப்பரும் இருந்தார். கீப்பர் இடம் ஒன்றுதான். மற்ற வீரர்களுக்கு வேறு பொசிஷன் கிடைக்கும். இரண்டாவது கீப்பருக்கு பெஞ்ச்தான். அந்தப் போட்டியைத் தாண்டித்தான் தங்கராஜ் முதல் தேர்வாக மாறினார்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை, நான்காம் இடம்தான். ஆனாலும் அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராக தங்கராஜ் பாராட்டப்பட்டார். பதக்கம் இல்லாத அணியின் கீப்பருக்கு இந்தப் பெயர் கிடைப்பது அபூர்வம். பின்னர் ஆசிய ஆல் ஸ்டார் அணியிலும் அவர் இடம்பிடித்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா விழுந்த குரூப்பைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றாலும் கடைசிவரை போராடித்தான் தோற்றார்கள். இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் 1-1 என டிரா. ஆமாம், பிரான்ஸுடன்தான்! பெருவிடம் தோற்று வெளியேறினார்கள். தங்கராஜ், பலராம், சைமன் சுந்தர்ராஜ் என்று அந்த அணியில் தமிழ் வாசனை தூக்கலாகவே இருந்தது. அதற்குப் பிறகு இந்திய கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை.

ஜகார்த்தாவில் அந்த இரண்டு வாரம்

1962 ஆசிய விளையாட்டு, இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா. தங்கராஜைப் பற்றி பேசினால் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

முதலில் மைதானத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. இதை ஆசிய விளையாட்டு அமைப்பில் இருந்த இந்தியர் ஜி.டி. சோந்தி எதிர்த்தார். போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயரே இருக்கக் கூடாது என்ற அளவுக்குப் பிரச்னை போனது. உள்ளூர் கோபம் முழுக்க இந்தியா பக்கம் திரும்பியது. செப்டம்பர் 3-ம் தேதி இந்தியத் தூதரகத்தையே போராட்டக்காரர்கள் தாக்கினார்கள். மறுநாள் கால்பந்து இறுதிப் போட்டி! டர்பன் கட்டிய சீக்கிய வீரர்களைப் பார்த்தால் இந்திய பஸ் என்று தெரிந்துவிடும் என்பதால், அவர்கள் பஸ்ஸில் தரையில் உட்கார்ந்து போனதாக அந்த அணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மைதானத்துக்குள்ளும் நிலைமை சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தார்கள். ஆனால் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டு தையல் போட வேண்டியதாயிற்று. திரிலோக் சிங்குக்கு கால் விரலில் காயம். தங்கராஜுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வங்காளத்து கீப்பர் பிரத்யுத் பர்மன் நின்றார். ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வீழ்த்தி இந்தியா ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரில் மறுபடியும் அதே தென் கொரியா.

இப்போது ரஹீமின் முன்னால் இரண்டு முடிவுகள். அவர் ஏற்கெனவே புற்றுநோயோடு இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஜர்னைல் சிங். தலையில் தையலோடு டிஃபென்ஸில் நின்று ஹெட் பண்ண முடியாது. வேறு யாராக இருந்தாலும் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். கல்லூரிக் காலத்தில் அவர் ஃபார்வர்டாக ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அரையிறுதியிலேயே இந்தக் கணக்கு வேலை செய்தது.

இரண்டாவது, கீப்பர். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் கீப்பரை ஃபைனலில் மாற்றுவது சூதாட்டம். பர்மன் எந்தத் தப்பும் செய்யவில்லை. தங்கராஜோ காய்ச்சலில் இருந்து இப்போதுதான் எழுந்தவர், சில ஆட்டங்களாக மேட்ச் ஆடாதவர். ஆனால் கொரியர்கள் பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டு ஆடுகிறவர்கள். அதைக் கையாள உயரமான ஆள் வேண்டும். ரஹீம் தங்கராஜை இறக்கினார். தோற்றிருந்தால் ரஹீமை யாரும் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். தங்கராஜின் பெயரும் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருந்திருக்கும்.

கொஞ்சம் யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஃபைனலில் இந்தியாவின் ஃபார்வர்டு, டிஃபெண்டராக இருந்தவர். இந்தியாவின் கீப்பர், ஃபார்வர்டாக இருந்தவர்.

1962 செப்டம்பர் 4. செனயான் ஸ்டேடியத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். கிட்டத்தட்ட எல்லோரும் கொரியாவுக்கு ஆதரவு. இந்திய தேசிய கீதத்துக்கே கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் இந்தியாவுக்காகக் கை தட்டினார்கள் என்று சொல்வதுண்டு. ஹாக்கி ஃபைனலில் இந்தியாவை ஜெயித்து தங்கம் வாங்கியவர்கள் அவர்கள்தான்.

17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல். மூன்றே நிமிடம். 20-வது நிமிடத்தில் தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங் கோல். 2-0. ஸ்டேடியம் அமைதி.

அதற்குப் பிறகு எழுபது நிமிடம். ஹைலைட்ஸ் பார்க்கிற நமக்கு இரண்டு கோலும் போதும். ஆனால் கீப்பருக்கு அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். இரண்டு கோல் பின்தங்கிய அணி, முழு மைதானமும் பின்னால் நின்று கத்துகிறது, சில நாளுக்கு முன்பு இதே இந்தியாவை 2-0 என்று ஜெயித்த நம்பிக்கை வேறு. பந்து திரும்பத் திரும்ப இந்திய பெனால்டி ஏரியாவுக்குள் வந்துகொண்டே இருக்கும். உயரத்தில் வருவதைக் கீப்பர்தான் போய் எடுக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்த உடம்பு. 85-வது நிமிடத்தில்தான் கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1.

மீதி ஐந்து நிமிடம். அது எப்படிக் கழிந்திருக்கும் என்று கோல் போஸ்டுக்கு நடுவில் ஒருமுறையாவது நின்றவர்களுக்குத் தெரியும்.

ஸ்கோர் மாறவில்லை. இந்தியாவுக்குத் தங்கம். ஆசிய விளையாட்டு கால்பந்தில் 1951 டெல்லிக்குப் பிறகு இரண்டாவது தங்கம். மூன்றாவது இன்னும் வரவில்லை. அடுத்த வருடம், 1963 ஜூன் 11-ம் தேதி ரஹீம் இறந்துபோனார்.

கொல்கத்தாவின் மூன்று ஜெர்சி

கொல்கத்தாவில் மோகன் பகான் ரசிகருக்கும் ஈஸ்ட் பெங்கால் ரசிகருக்கும் இடையில் கல்யாணப் பேச்சே நடக்காது என்று கிண்டலாகச் சொல்வார்கள். மூன்றாவது முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த மூன்று பெரிய கிளப்களின் ஜெர்சியையும் தங்கராஜ் போட்டார். முகமதன், பிறகு மோகன் பகான், பிறகு 1960களின் நடுவில் இருந்து ஈஸ்ட் பெங்கால். அங்கேதான் அதிக காலம். ஈஸ்ட் பெங்கால் கொல்கத்தா லீக்கை ஜெயித்த 1966, 1970 எல்லாம் அந்தக் காலம்தான். மூன்று ரசிகர் கூட்டமும் ஒரே ஆளை வரவேற்றது என்றால், அந்த ஆளின் கைகள் மேல் இருந்த நம்பிக்கை அப்படி.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் அவர் அணியில் இருந்தார். ஆனால் ரஹீம் இல்லாத இந்தியா முதல் சுற்றோடு திரும்பியது.

1967-ல் அர்ஜுனா விருது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கால்பந்துக்கான அர்ஜுனா விருதை முதலில் வாங்கியவர்களின் வரிசையைப் பாருங்கள். 1961 பி.கே. பானர்ஜி, 1962 பலராம், 1963 சுனி கோஸ்வாமி, 1964 ஜர்னைல் சிங், 1965 அருண் கோஷ், 1966 யூசுப் கான், 1967 பீட்டர் தங்கராஜ். ஏழு பேருமே ஜகார்த்தா அணியினர். அதில் கீப்பருக்கு ஏழாவது இடம். கோல் அடிப்பவர்களை முதலில் கவனிப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

1971 வரை அவர் உச்சத்தில்தான் இருந்தார். அந்த வருடமும் நாட்டின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். ஃபார்வர்டாகவே இருந்திருந்தால் 35 வயதில் கால் ஒத்துழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். இடம் மாறியது அவருடைய ஆட்ட வாழ்க்கைக்குப் பல வருடங்களைக் கூட்டிக் கொடுத்தது.

பொகாரோவில் முடிந்த பயணம்

ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளரானார். கோவாவில் வாஸ்கோ ஸ்போர்ட்ஸ் கிளப், உத்தரப் பிரதேசத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், கடைசியில் ஜார்கண்டில் எஃகு ஆலை நகரமான பொகாரோ. அங்கே உள்ள கால்பந்து அகாடமியில் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹைதராபாத், வெலிங்டன், கொல்கத்தா, கோவா, அலிகர், பொகாரோ. இந்தியா முழுக்கச் சுற்றிய வாழ்க்கை. எந்த ஊரும் எங்க ஆள் என்று முழுசாகச் சொந்தம் கொண்டாடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹைதராபாத்துக்கு அவர் ராணுவத்துக்குப் போனவர், கொல்கத்தாவுக்கு வெளியூர்க்காரர், தமிழ்நாட்டுக்கு இங்கே பிறக்காதவர்.

2008 நவம்பர் 24-ம் தேதி பொகாரோவில் பீட்டர் தங்கராஜ் காலமானார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 73 வயது ஆகியிருக்கும்.